ஐந்நூறு ஜிபிக்குள் ஓர் அத்திவாரம்

ஒரு கட்டடத்துக்கு எத்தனை மூடை சீமெந்து போகும் என்று கேட்டால் மட்டக்களப்பில் தெருவுக்கு இரண்டு பேர் பதில் சொல்வார்கள். அந்தச் சீமெந்துக் கணக்கை ஐந்து வருடத்துக்குக் கொம்பியூட்டரில் வைத்திருக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்ல எங்கள் கந்தோரில் நான் ஒருத்திதான் இருந்தேன். அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

நகரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தக் கந்தோரில் நாங்கள் நாலு பேர் வேலை செய்தோம். கட்டடச் செலவை மதிப்பிடுகிற மென்பொருள் ஒன்றைச் செய்து, கட்டடம் கட்டிக் கொடுக்கிற கொந்தராத்துக் கம்பனிகளுக்குக் கொடுப்பதுதான் தொழில். மண் வெட்டுவது, கம்பி கட்டுவது, கல் அடுக்குவது, பூசுவது என்று ஒரு கட்டடத்தின் வேலைகளை வரிவரியாக உடைத்து, ஒவ்வொரு வரிக்கும் அளவும் விலையும் போட்டு வைப்பார்கள். வேலை நடக்க நடக்க, அங்கே உண்மையில் எவ்வளவு நடந்தது என்பதையும் அதே வரிக்கு நேரே பதிவார்கள். இவ்வளவும் போய்ச் சேருகிற இடம்தான் தரவுத்தளம். அது ஒரு டிஸ்க்கில் இருக்கும். டிஸ்க்குக்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவை முன்கூட்டியே சொல்வது என் வேலை.

வாவியின் இரண்டு பக்கமும் பள்ளிக்கூடம், சிகிச்சை நிலையம் என்று கட்டுகிற ஒரு கம்பனி எங்களிடம் வந்திருந்தது. இணையம் அடிக்கடி அறுந்து போகிறது, அதனால் எல்லாம் தங்கள் கந்தோரிலேயே ஒரு கொம்பியூட்டர்ப் பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. வேறோர் இடத்திலும் விசாரித்திருந்தார்கள்; யார் சின்ன டிஸ்க்கில், குறைந்த செலவில் முடிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் வேலை. எங்கள் முதலாளி ஒரு காலத்தில் கட்டட இஞ்சினியர்; வெயில் ஒத்துவராமல் மின்விசிறிக்குக் கீழே வந்து சேர்ந்தவர். அவர் என் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"மற்றவன் ஆயிரம் ஜிபி எண்டு குடுத்திரிக்கான். நீ எவ்வளவில முடிப்பாய்?"

"பத்து நாள் தாங்க சேர்."

"பத்து நாளா? பெருக்கல் கணக்குத்தானே புள்ள."

பெருக்கல் கணக்குத்தான். ஒரு வரி எவ்வளவு இடம் பிடிக்கும், ஒரு கட்டடத்துக்கு எத்தனை வரி, வருடத்துக்கு எத்தனை கட்டடம். கடைசியில் ஓர் எண் வரும், எழுதிக் கொடுத்துவிட்டுச் சோறு சாப்பிடப் போகலாம். ஆனால் எனக்கு ஒரு வேலையைச் செய்து முடித்துவிட்டுச் சும்மா இருக்கத் தெரியாது. எழும்புவேன், யன்னலுக்குப் போவேன், கீழே மருந்துக்கடைக்கு வருகிறவர்களைப் பார்ப்பேன், திரும்பி வந்து போட்ட கணக்கை அழிப்பேன். பக்கத்து மேசைக்காரி, "உனக்குக் கதிரையில ஆணி கிடக்கா?" என்று ஒரு நாளைக்கு இரண்டு தரமாவது கேட்பாள்.

அந்த அலைச்சலில் ஒரு நல்ல விசயமும் பிடிபட்டது. விலைகள் தாறுமாறாக ஏறியிறங்கிய காலத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்துக் கொந்தராத்துக்காரர்கள் ஒருவரும் பழைய விலையை அழிப்பதில்லை. கம்பி விலை மாறினால் முழுக் கட்டடத்தையும் புதிதாக மதிப்பிட்டு, பழையதையும் அப்படியே பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட வேண்டும் என்ற பயம். விலை கிழமைக்கு ஒரு தரம் மாறும் என்று வைத்துக்கொண்டால், ஒரு கட்டடத்துக்கு ஒரு பிரதி அல்ல, வருடத்துக்கு ஐம்பத்திரண்டு பிரதி. அந்தக் கம்பனி வருடத்துக்குப் பன்னிரண்டு கட்டடம் என்று சொல்லியிருந்தது. தினமும் எடுத்து வைக்கிற காப்புப் பிரதிகளையும் சேர்த்துப் பெருக்கினேன். ஐந்நூறு ஜிபிக்குள் அழகாக அடங்கியது. இதை வேறு யாரும் யோசித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்து நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

அத்தோடு விட்டிருந்தால் நல்லது. எண் கைக்கு வந்த பிறகும் இருப்புக்கொள்ளாமல், அந்தக் கம்பனியின் ஆட்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று நேரில் பார்க்க வேண்டும் போல இருந்தது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவுப் பக்கம் போனேன். வயல் வட்டைக்கு ஓரமாகத் தாய் சேய் சிகிச்சை நிலையம் ஒன்றுக்கு அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த இடத்தின் மேற்பார்வையாளருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மேசனாக இருந்து படிப்படியாக மேலே வந்தவர். என்னைக் கண்டதும் முதலில் என் காலைத்தான் பார்த்தார்.

"சப்பாத்தக் கழட்டிப்போட்டு வா புள்ள. இல்லாட்டி அது இஞ்சயே கிடந்திரும்."

கழற்றிவிட்டுப் போனேன். ஒரு தூணுக்கான குழி தயாராக இருந்தது. அவர் உள்ளே ஓர் ஆளை இறக்கி, இரும்புக் கம்பி ஒன்றில் அளவு நாடாவைக் கட்டி நேராகப் பிடிக்கச் சொன்னார். குழியின் இலக்கத்தை எழுதிய மட்டைத் துண்டை ஓரத்தில் வைத்தார். பிறகு தன் போனை எடுத்துப் படம் பிடித்தார். தூர நின்று ஒன்று, கிட்டப் போய் ஒன்று. கடைசிப் படத்துக்கு மண்ணில் மண்டியிட்டு, நில மட்டத்துக்குக் கட்டியிருந்த நூல், நாடாவின் எந்த இலக்கத்தைத் தொடுகிறதோ அந்த இலக்கத்துக்குப் பக்கத்தில் தன் கட்டைவிரலை வைத்துப் பிடித்தார். நகம் கறுத்துப் போன விரல். அடுத்த குழிக்கும் அப்படியே, அதற்கடுத்த குழிக்கும் அப்படியே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன அண்ணன், கலியாண வீட்டுப் படம் மாதிரி எடுக்கிறீங்க?"

"சிரி சிரி. இப்ப தண்ணி இல்லாத மாதிரித்தான் தெரியும். நாளைக்குக் காலம்பற வந்து பாரு, கிணறு மாதிரி நிக்கும். வாவிப் பக்கத்து மண் இப்பிடித்தான். இஞ்சினியர் வியாழக்கிழமைதான் வருவாரு. அதுமட்டும் குழியத் திறந்து வச்சா கரை இடிஞ்சி விழுந்திரும். அதால வெட்டின அண்டைக்கே கொங்கிரீட் போடுற. போட்டா மறுகா ஆருக்குத் தெரியும், எவ்வளவு ஆழம் வெட்டின எண்டு? இந்தப் படம்தான் எனக்குச் சாட்சி."

அவருடைய போன் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மகளின் பிள்ளையுடைய படங்களை அழித்துத்தான் குழிப் படங்களுக்கு இடம் எடுக்கிறாராம். உங்கள் மென்பொருள் வந்தால் இந்தக் கரைச்சல் தீரும் என்று சந்தோசமாகச் சொன்னார்.

வரிகளை எண்ணினேனே தவிர, படங்களை நான் எண்ணவே இல்லை. ஒவ்வொரு வரிக்கும் ஒரு படம் சேர்க்கலாம் என்று மென்பொருளில் வசதி வைத்திருந்தோம். யார் சேர்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். இவர் ஒரு நாளைக்கு நாற்பது பிடிக்கிறார். ஒரு படம் பிடிக்கிற இடத்துக்குள் என்னுடைய வரிகள் ஆயிரக்கணக்கில் அடங்கும். திரும்பும் வழியில் பாலத்தின் நடுவிலேயே ஸ்கூட்டியை ஓரம் கட்டிப் போனில் பெருக்கிப் பார்த்தேன். பன்னிரண்டு கட்டடம், ஐந்து வருடம். மூவாயிரம் ஜிபியைக் கூசாமல் தாண்டிப் போனது.

மூவாயிரம் என்று முதலாளியிடம் போய்ச் சொல்ல என்னால் முடியவில்லை. அவர் திட்டுவார் என்பதற்காக அல்ல. ஐந்நூறு என்று நான் ஏற்கெனவே என் மனத்துக்குள் சொல்லி முடித்துவிட்டேன். அந்த எண்ணில் எனக்கு ஒரு காதலே வந்துவிட்டது. ஆகவே கணக்கை மாற்றாமல் படத்தை மாற்றினேன். போனிலிருந்து வருகிற படம் எதுவாக இருந்தாலும் உள்ளே போகும்போது தானாகச் சுருங்குகிற மாதிரி எழுதினேன். முன்பு ஒரு படம் பிடித்த இடத்துக்குள் இப்போது எழுபது படம் அடங்கியது. சோதித்துப் பார்க்க எங்கள் கந்தோர்ச் சுவரைப் பிடித்துப் போட்டேன். சுவர் சுவராகத் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. சுவரில் படிக்க என்ன இருக்கிறது?

ஐந்நூறு என்று எழுதிக் கொடுத்தோம். வேலை எங்களுக்கே கிடைத்தது. முதலாளி தேத்தண்ணியோடு தின்ன ரோல்ஸ் வாங்கித் தந்தார்.

கம்பனியின் ஆட்களுக்குப் பழக்கிக் கொடுத்த நாளில் அந்த மேற்பார்வையாளரும் வெளுத்த சேட் போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் இருந்தார். படம் உள்ளே போனதும் பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளமும், "பத்திரமாகச் சேமிக்கப்பட்டது" என்ற எழுத்தும் வரும். அந்த எழுத்து என்னுடையது. "சேமிக்கப்பட்டது" என்று மட்டும்தான் முதலில் இருந்தது. கொஞ்சம் நம்பிக்கை தரட்டும் என்று "பத்திரமாக" என்பதையும் சேர்த்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"இது வந்தா, போன்ல கிடக்கிறத அழிக்கலாமா புள்ள?"

எனக்கு அடுத்த பாடத்துக்குப் போகிற அவசரம். நேரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

"ஓம் அண்ணன், தாராளமா அழிக்கலாம்."

அவர் அங்கேயே இருந்து, தன் குழிப் படங்களை ஒவ்வொன்றாக உள்ளே ஏற்றி ஏற்றி, போனில் அழிக்கத் தொடங்கினார்.

எட்டு மாதம் கழிந்தது. நான் வேறு இரண்டு கம்பனிகளின் கணக்கில் அலைந்துகொண்டிருந்தேன். மாரி மழை தொடங்கிய கிழமை அந்த மேற்பார்வையாளரிடமிருந்து போன் வந்தது. சிகிச்சை நிலையம் கூரை வரைக்கும் வந்துவிட்டது. வடக்கு மூலைச் சுவரில் ஒரு வெடிப்பு, மயிர் அளவுதான். இஞ்சினியர் மாறி, புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். மூலைத் தூணின் அத்திவாரம் வரைபடத்தில் உள்ள ஆழத்துக்குப் போயிருக்கிறதா என்று அவர் கேட்டிருக்கிறார். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படத்தைத் திறந்து காட்டியிருக்கிறார்.

"இலக்கம் தெரியல்லயாம் புள்ள. நானும் பாத்தன். எல்லாம் கலங்கலா இரிக்கு. நீ ஒருக்காப் பாரு, அங்க பெரிசா இரிக்கும்தானே?"

இணையம் அன்றைக்கு அறாமல் இருந்தது; நான் எங்கள் கந்தோரில் இருந்தபடியே கம்பனியின் பெட்டிக்குள் போய்ப் படங்களைத் திறந்தேன். முதலாவது படத்தில் குழி தெரிந்தது, ஆள் தெரிந்தார். மூன்றாவது படத்தைப் பெரிதாக்கினேன். கட்டைவிரல் தெரிந்தது. கறுத்த நகம்கூடத் தெரிந்தது. விரலுக்குப் பக்கத்தில் நாடா இருந்தது, மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டையாக. இலக்கம் என்று ஒன்றுமில்லை. அடுத்த குழி, அதற்கடுத்த குழி, எல்லாவற்றிலும் அந்த விரல் ஒரு மஞ்சள் பட்டையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

படம் இல்லாவிட்டால் தோண்டிப் பார்ப்பதுதான் வழி. ஆழம் குறைவாக இருந்தால் அந்த மனிதரின் கதை முடிந்தது. கம்பனி அன்றைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பும்; அத்திவாரத்தில் கள்ளம் செய்தவர் என்ற பெயரோடு அந்த வயதில் அவரை வேறு யாரும் எடுக்க மாட்டார்கள். சரியாக இருந்தாலும் முடிந்த நிலத்தை உடைக்க வேண்டும், எல்லோருக்கும் முன்னால் சந்தேகப்பட்டவராக நிற்க வேண்டும்.

முதலாளி என் தோளுக்கு மேலால் எட்டிப் படத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "போன் கெமரா சரியில்ல எண்டு சொல்லு. பழைய போன்தானே, அதுவும் பெரிய பொய் இல்ல."

அடுத்த நாள் காலையில் கம்பனிக் கந்தோருக்குப் போய் அந்தப் பெட்டியைத் திறந்தேன். மூலப் படங்கள் எங்காவது ஒரு மூலையில் மிஞ்சியிருக்கலாம் என்ற நப்பாசை. தற்காலிகக் கோப்புகள், காப்புப் பிரதிகள் என்று ஒவ்வொன்றாகத் துழாவினேன். ஒன்றும் இல்லை. நான் எழுதின நிரல் மிச்சம் வைக்காமல் சுத்தமாக வேலை செய்திருந்தது. போகிற போக்கில் டிஸ்க்கின் நிலைமையும் கண்ணில் பட்டது. ஐந்நூறில் நாற்பதுகூட நிரம்பவில்லை. பன்னிரண்டு கட்டடம் என்று சொன்ன கம்பனிக்கு அந்த வருடம் மூன்றுதான் கிடைத்திருக்கிறது. கிழமைக்கு ஒரு தரம் மாறும் என்று நான் கெட்டித்தனமாகக் கூட்டிவைத்த விலைகளும் அப்படி மாறவில்லை. என்னை அடக்க முடியாமல் அங்கேயே நின்று பெருக்கினேன். அந்த எட்டு மாதத்தில் வந்த படங்கள் எல்லாவற்றையும் சுருக்காமல், பிடித்தபடியே வைத்திருந்தாலும் டிஸ்க்கில் பாதி மிஞ்சியிருக்கும்.

வவுணதீவுக்குப் போகிற வழி முழுக்க, கெமரா என்று சொல்வதா, உண்மையைச் சொல்வதா என்று மனம் அங்குமிங்கும் பாய்ந்தது. நான் நேர்மையானவள் என்று காட்டுவதற்காக இதை எழுதவில்லை. பாலத்தில் ஏறும்போது கெமரா என்றுதான் முடிவு செய்திருந்தேன். வசனத்தைக்கூட மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன்.

அங்கே போனபோது புதிய இஞ்சினியரும் கம்பனியின் ஆட்கள் இரண்டு பேரும் மூலையில் நின்றார்கள். மேற்பார்வையாளர் கொஞ்சம் தள்ளி நின்று தன் போனின் கண்ணாடியைச் சேட்டின் ஓரத்தால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ட போன்தான் பழசு சேர். கண்ணாடி மங்கிப் போச்சு. புதுசு ஒண்டு வாங்கு எண்டு மகள் சொன்னவ, நான்தான் கேக்கல்ல."

நான் சொல்ல நினைத்ததை அவரே எனக்காகச் சொல்லிவிட்டார். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாலே போதும். ஆனால் அவர் திரும்பவும் திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"போன்ல பிழையில்ல சேர்," என்றேன். "இவர் எடுத்த படம் நல்ல தெளிவா வந்தது. உள்ள போகேக்குள்ள நாங்கதான் சுருக்கின. நான்தான் சுருக்கின. போன்ல இருந்ததையும் அழிக்கச் சொன்னது நான்தான்."

கம்பனி ஆட்களில் ஒருவர், "அப்ப மற்றப் படங்களும் இப்பிடித்தானா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் தன் தலையில் கை வைத்தார். இஞ்சினியர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு மேற்பார்வையாளரிடம் திரும்பினார்.

"எனக்கு உங்களில சந்தேகம் இல்ல அண்ணன். ஆனா நான் எதப் பாத்துக் கையெழுத்து வைக்கிற?"

"தோண்டுவம் சேர்," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "நான்தானே போட்டன். எனக்குத் தெரியும், என்ன கிடக்கு எண்டு."

இரண்டு பேர் அலவாங்கு போட்டு, சுவரோரம் இருந்த புதுச் சீமெந்து நிலத்தை உடைத்தார்கள். பூசி ஒரு மாதம்கூட ஆகாத நிலம். இரண்டடி போவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. பம்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். பம்பு இழுக்க இழுக்க மண் சரிந்தது, சரிந்ததை அள்ள அள்ளத் தண்ணீர் வந்தது. நான் சும்மா நிற்க முடியாமல் ஒரு வாளியைத் தூக்கினேன். வழியில் நிற்க வேண்டாம் என்று துரத்திவிட்டார்கள். அந்தக் கட்டடத்தை நான் எத்தனை தரம் சுற்றி வந்தேன் என்று தெரியாது. அவர் மட்டும் ஒரு கல்லில் அசையாமல் இருந்தார். அவருக்குத் தெரியும் என்று சொன்னாரே தவிர, முகத்தில் இரத்தமே இருக்கவில்லை. எட்டு மாதத்துக்கும் முன்னால், தண்ணீர் ஊறுவதற்குள் அவசர அவசரமாக வெட்டின குழி. நாற்பது குழியில் ஒன்று. யாருக்கு நிச்சயமாக ஞாபகம் இருக்கும்?

பின்னேரம் மூன்றரைக்கு அடிக் கொங்கிரீட்டில் கம்பி தட்டியது. இஞ்சினியர் காற்சட்டையை மடித்துக்கொண்டு தானே உள்ளே இறங்கினார். நாடாவைப் பிடித்து, குனிந்து, இரண்டு தரம் வாசித்தார். வரைபடத்தில் இருந்தது நாலரை அடி.

"நாலடி பத்து அங்குலம்," என்றார்.

நாலு அங்குலம் கூட. அவ்விடத்து மண் இளக்கமாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் கீழே போகச் சொன்னதாக மேற்பார்வையாளர் அப்போதுதான் ஞாபகம் வந்தவராகச் சொன்னார். வெடிப்பு பூச்சில் மட்டும்தான் என்று இஞ்சினியர் குறித்துக்கொண்டார். மேற்பார்வையாளருக்குக் கை கொடுத்துவிட்டு வாகனத்தில் ஏறினார். கம்பனி ஆட்களும் போய்விட்டார்கள். உடைத்த நிலத்தைத் திரும்பவும் போடுவது இவருடைய தலையில் விழுந்தது.

அவர் வாளித் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போய் மன்னிப்புக் கேட்டேன். அழுகை வந்தது, அழுதேன்.

"சரி புள்ள, விடு. ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கல்லத்தானே," என்றார். பிறகு தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இடம் காணாமத்தானே சுருக்கின?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லட்டும் என்றுதான் அவரும் அப்படிக் கேட்டார் என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் அவருக்கு மனம் ஆறியிருக்கும், எனக்கும் ஆறியிருக்கும்.

"இல்ல அண்ணன். இடம் இரிக்கு. நீங்க எடுத்தது எல்லாத்தையும் முழுசா வச்சிருந்தாலும் பாதி மிஞ்சியிரிக்கும். இண்டைக்குக் காலையிலதான் பாத்தன்."

அவர் வாளியைக் கீழே வைத்தார். உடைந்து கிடந்த நிலத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப என்னத்துக்குப் புள்ள?"

பத்து நாள் இருந்து போட்ட கணக்கு முழுவதும் எனக்கு மனப்பாடமாக இருந்தது. அதில் அவருக்குக் காட்டக்கூடிய வரி ஒன்றும் இல்லை; குனிந்து, உடைந்து கிடந்த சீமெந்துத் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.